ஹட்டன் ரிப்பேர் கடை: துப்பாக்கி சுடுகிறது, வாசனையைக் காணோம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் மெயின் ரோட்டிலிருந்து கீழே இறங்குகிற படிக்கட்டு ஒன்றில், பலகைக் கதவு போட்ட ஒரு ரிப்பேர் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை இருந்ததாம், மழை எழுத்தையெல்லாம் தின்றுவிட்டது, அவர் மாற்றவில்லை. தையல் மெஷின், பெட்ரோமாக்ஸ் லாம்பு, தண்ணி பம்பு, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற பழைய தராசு, எயார் ரைபிள் என்று, வேறு எங்கே கொண்டு போனாலும் "இதுக்கு பார்ட்ஸ் இல்ல, புதுசா வாங்குங்க" என்று திருப்பி அனுப்புகிற சாமான்கள்தான் அவருக்குப் பிழைப்பு. வேலை சுத்தம், காசு நியாயம், நாள் கணக்கை மட்டும் நம்பக்கூடாது. இவ்வளவுதான் தெரிய வேண்டும் என்றால் இத்தோடு போய்விடலாம். எனக்கு அவரோடு ஒரு வழக்கு இருக்கிறது, அது வேலையைப் பற்றியது இல்லை, வாசனையைப் பற்றியது, அதை இரண்டு வரியில் எழுத எனக்கு வரவில்லை.

நான் கொண்டு போனது டயானா 27, ஜெர்மன் எயார் ரைபிள். குழலை மடித்து ஸ்பிரிங்கை இறுக்கி, ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடுகிற வகை. தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, துரை பங்களாவில் குசினி வேலை பார்த்தவர். 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து, 1975இல் கம்பெனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்ட நேரம் அந்தத் துரை மூட்டை கட்டினார். போகிறபோது தாத்தாவுக்கு இரண்டு கம்பளி, ஒரு பீங்கான் தேத்தண்ணிக் கேத்தல், இந்தத் துப்பாக்கி மூன்றையும் கொடுத்துவிட்டுப் போனாராம். கேத்தல் உடைந்தது, கம்பளி நைந்தது, துப்பாக்கிதான் மிச்சம். அதன் உருளையில் ஒரு பெண் நிற்கிறாள். வில்லையும் அம்பையும் வீசி எறிந்துவிட்டுத் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அதுதான் டயானாக்காரர்களின் முத்திரை. சின்ன வயதில் நான் அவளைக் காளியம்மன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு தடவை கற்பூரம் காட்டப் போய் அம்மாவிடம் அடியும் வாங்கினேன். பின்பக்கத்து ஓரத்தில் மாதமும் வருடமும் பொடி எண்ணில் அடித்திருக்கிறது. எங்களுடையது 1968ஆம் வருடத்துப் பிள்ளை.

அந்தக் கம்பெனி ரஸ்டாட் என்கிற ஊரில் 1890இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்ற பிறகு மெஷின்களும் டயானா என்ற பெயரும் கைமாறி ஸ்கொட்லாந்துக்குப் போய்விட்டன. அங்கே ஒரு கம்பெனி அந்தப் பெயரில் துப்பாக்கி செய்து விற்க, அந்தப் பெயரை வைத்த ஜெர்மன்காரர்கள் பிரிட்டனில் "ஒரிஜினல்" என்று வேறு பெயர் போட்டு விற்க வேண்டியதாயிற்று. 1980களில்தான் பெயர் திரும்பிக் கிடைத்தது. பாடுபட்டது ஒருவர், பட்டா இன்னொருவர் கையில். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, வாசனைக்கு வருகிறேன். அப்பா அதைச் சணல் சாக்கில் சுற்றிக் கூரை மரத்தில் சொருகி வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரட்டும் (தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டம்) இல்லை, ஸ்டோரும் (எங்களுக்கு அது தேயிலை ஃபெக்டரி) இல்லை, சோறு தின்றுவிட்டு அதை இறக்குவார். சாக்கை விரித்ததும் முதலில் சணல் வாசம் வரும், அதற்குப் பின்னால் லின்சீட் ஒயில் குடித்த பலகை, அதற்கும் பின்னால் ஊறிய தோலும் பழைய கிரீஸும். ஆனால் அசல் சாமான் முதல் குண்டு போன பிறகுதான். குழலை மடித்தால் உள்ளேயிருந்து நூல் மாதிரி ஒரு வெள்ளைப் புகை எழும்பும். அணைத்த விளக்குத் திரியின் வாசம், அதில் கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் தொண்டையைப் பிடிக்கிற காரம். அப்பா குழலை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நானும் தங்கச்சியும் முறை வைத்து மூக்கைக் கொண்டு போவோம். தங்கச்சி இரண்டு முறை எடுத்துவிடுவாள், அதற்குச் சண்டை நடக்கும். உயிருள்ள எதையும் அவர் சுட்டு நான் பார்த்ததில்லை, சவுக்கு மரத்தில் கட்டித் தொங்கவிட்ட பால் டின்தான் எங்கள் மிருகம். ஈயக் குண்டை மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக் குதப்பியும் இருக்கிறோம். இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது, ஈயம் விஷம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள், தொட்டால் கையைக் கழுவுங்கள்.

அப்பா போய் ஆறு வருடம். அது கூரையிலேயே கிடந்தது. போன வருடம் இறக்கிச் சுட்டுப் பார்த்தால் குண்டு குழலை விட்டு வெளியே வந்ததே பெரிய விஷயம், பால் டின் அசையக்கூட இல்லை. கடதாசிகளை எடுத்துக்கொண்டு, த்ரீவீலர் பிடித்து இந்தக் கடைக்கு வந்தேன். பஸ்ஸில் கொண்டுவர வேண்டாம் என்று அம்மா சொன்னது சரிதான், சாக்கில் சுற்றினாலும் அது என்ன என்று யாருக்கும் தெரியாமல் இராது. கடைக்காரரும் கடதாசியைப் பார்த்துவிட்டுத்தான் சாமானில் கை வைத்தார், அது எனக்குப் பிடித்தது.

கடை வந்துவிட்டது என்று படியிறங்கும்போதே மூக்கு சொல்லிவிடும். வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய லாம்பெண்ணெய், அதாவது மண்ணெண்ணெய், அதில் ஆணிகளும் பல்சக்கரங்களும் ஊறிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு மூலையில் பித்தளை லாம்புக்கு ஈயம் பற்றவைக்கிறார் என்றால் நவச்சாரப் புகை வெள்ளையாக எழும்பிக் கண்ணைக் கரிக்கும், ஆனால் கடைக்கார நானாவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) அது சாம்பிராணி மாதிரி, அசையவே மாட்டார். நடுவில் லேத் மெஷின். அதில் இரும்பை வெட்டுகிறபோது சூடு ஏறாமல் இருக்கப் பால் மாதிரி ஒரு எண்ணெய்த் தண்ணீர் ஊற்றுகிறார்களே, ஓடிக்கொண்டிருக்கிறபோது அதற்குச் சவர்க்காரத்தையும் புது இரும்பையும் கலந்த ஒரு மணம். சனி, ஞாயிறு மெஷின் நின்று கிடந்தால் அதே தண்ணீரில் கிருமி பெருகி அழுகின முட்டை நாற்றம் கிளம்பும். லேத் இருக்கிற கடைகளில் எல்லாம் இது உண்டு, நானா இதைத் "திங்கட்கிழமை வாசம்" என்கிறார். ஆகவே முதல் அறிவுரை, திங்கட்கிழமை காலையில் போகாதீர்கள்.

தையல் மெஷின் பக்கம் வேறு உலகம். சிங்கர் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது, மலையகத்தில் அது சீதனத்தில் வராத வீடுகள் குறைவு. நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்த "தையல் மெஷின் எண்ணெய் வாசம்" எண்ணெயின் வாசமே இல்லை என்று இங்கேதான் தெரிந்தது. நானா புதுப் போத்தலைத் திறந்து மூக்கில் நீட்டினார், ஒன்றுமே இல்லை, தண்ணீர் மாதிரி. நல்ல மெஷின் எண்ணெய்க்கு மணமே இருக்காதாம். நாம் மோந்து பழகியது வருடக்கணக்காகக் கிடந்து பிசினாய்ப் போன எண்ணெயும், துணிப் பஞ்சும், லாச்சிப் பலகையும், அதில் அம்மாக்கள் போட்டு வைத்த பொத்தான், சோக்குக்கட்டி, கஷாயச் சரக்கும் சேர்ந்த கூட்டு. ஒரு பழைய மெஷினின் லாச்சியை இழுத்துக் காட்டினார், எனக்கு உடனே ஆறு வயது.

மேலே கம்பியில் பெட்ரோமாக்ஸ் வரிசையாகத் தொங்கும். மாசி மாதத்துக்கு முன்னால் இந்த வரிசை நீளும், காமன் கூத்துக்கு இன்னும் சில தோட்டங்களில் அது வேண்டும் என்கிறார்கள், கரண்ட் பல்பு எத்தனை போட்டாலும் ரதி மதன் முகத்தில் அந்த வெளிச்சம் வராது. பற்றவைக்க முதலில் ஊற்றுகிற ஸ்பிரிட்டின் குளிர்ந்த வாசமும், பம்ப் அடித்ததும் கிளம்புகிற எண்ணெய் வாசமும், மிதிபடுகிற புழுதியும் சேர்ந்தால்தான் எனக்குக் கூத்து.

இப்படி வாய் பார்த்துக்கொண்டு நின்றதில் நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, அதுதான் பிழை. நானா துப்பாக்கியை மடித்துப் பார்த்தார், ஒரு தரம் காதில் வைத்துக் குலுக்கினார். "லெதர் வாஷர் காஞ்சி போச்சி தம்பி. ஸ்பிரிங்கும் ஒரு பக்கம் வளஞ்சி ஈக்குது. செஞ்சி தாரன், ஒரு கிழமையில வாங்க" என்றார். சரி என்று வந்துவிட்டேன். ஒரு கிழமை ஐந்து கிழமை ஆனது. போன் எடுத்தால் பாதி நேரம் எடுக்க மாட்டார், எடுத்தால் "இந்தா முடியுது" என்பார். எங்கள் பக்கத்திலிருந்து டவுனுக்குப் போய்வர ஒரு நாள் வேலை போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நான் இரண்டு முறை சும்மா போய் வந்தேன். இதற்கு நான் புள்ளி குறைக்கிறேன், அவர் எவ்வளவு நல்ல மனிதர் என்றாலும் குறைக்கிறேன்.

ஆறாவது கிழமை கையில் கிடைத்தது. 6,500 ரூபாய், ஸ்பிரிங்கோடு சேர்த்து. பில் கிடையாது, கேட்டால் சிகரெட் அட்டையில் எழுதித் தருவார். வேலை என்றால் வேலைதான். குழல் மடிகிற இடத்தில் இருந்த ஆட்டம் இல்லை, பலகையில் புது லின்சீட் ஒயில் பூசித் துடைத்திருக்கிறார், திருகாணிகளின் வாய் எதுவும் சிதையவில்லை, பழைய சாமான் கொடுத்து வாங்கியவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு அபூர்வம் என்று. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்து மீட்டரில் அட்டை வைத்து ஐந்து குண்டு அடித்தேன், ஐந்தும் ஒரு பத்து ரூபாய் நாணயக் குற்றிக்குள். அப்பா காலத்தில்கூட இது இப்படிச் சுட்டதில்லை.

குழலை மடித்தேன். புகை இல்லை. மூக்கை வைத்தேன். புதுச் செருப்புக் கடை மாதிரி ஏதோ ஒன்று மெல்லிசாக வந்தது, அவ்வளவுதான். இன்னும் இருபது குண்டு போட்டேன், அதுவும் போய்விட்டது.

நான் உடனே கோபப்படவில்லை, கோபப்பட என்ன இருக்கிறது, கொடுத்த வேலையை மனிதர் ஒழுங்காகச் செய்திருக்கிறார். ஆனால் இரண்டு நாள் மனது கேட்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடி படியிறங்கி, கடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்காமல், "நானா, வாசனை வரமாட்டேங்குது" என்றேன். அந்த இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நானா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாசம் வந்தா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம் தம்பி. நான் ஒழுக்க அடச்சிட்டன்" என்றார்.

விஷயம் இதுதான். காற்று ஒழுகாமல் பிஸ்டன் முனையில் இருக்கிற தோல் வாஷருக்குப் பதிலாக லேத்தில் டெஃப்லான் என்கிற வழவழப்பான பிளாஸ்டிக் துண்டைக் கடைந்து போட்டிருக்கிறார், அது உருளையோடு ஒட்டிப் போகும், எண்ணெய் குடிக்காது. எங்கள் பழைய தோல் வாஷர் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளுகிறது, கண் மூடித் திறக்கிற நேரம்கூட இல்லை, அதற்குள் முன்னால் இருக்கிற காற்று நசுங்கிப் பல நூறு டிகிரிக்குச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் ஆவி அகப்பட்டால் தீப்பொறி எதுவும் இல்லாமலே பற்றிக்கொள்ளும். ருடோல்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய இஞ்சினுக்கும் இதே வித்தைதான், அதனால் துப்பாக்கிக்காரர்களும் இதற்கு "டீசலிங்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் என்றால் புகையும் வாசமும். கூடிப்போனால் படார் என்று வெடிச் சத்தம், வாஷர் கருகும், ஸ்பிரிங் உடையும், குண்டு போகிற வேகமும் ஒன்றுக்கொன்று மாறும். குண்டு சரியாகப் போகவில்லை என்று குழலுக்குள் எண்ணெய் விடுகிற ஆட்கள் நிறைய, தயவுசெய்து விடாதீர்கள், நானா இப்படி உடைந்த மூன்று ஸ்பிரிங்குகளைச் சுவரில் மாட்டியே வைத்திருக்கிறார்.

எனக்கு அதைக் கேட்டதும் வேறு ஒன்று பிடிபட்டது. அப்பா ஸ்டோரில் இஞ்சின் பார்த்தவர். கிழமையில் ஆறு நாள் பெரிய டீசல் இஞ்சினோடு கிடந்துவிட்டு, ஏழாம் நாள் மடியில் ஒரு சின்ன டீசலை வைத்துக்கொண்டு மோந்து பார்த்திருக்கிறார் மனிதர்.

மோப்பம் அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, தொழில். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஸ்டோர் வாசலில் நின்று மூச்சை இழுத்து "ஆகா, தேயிலை வாசம்" என்பார்கள். உள்ளே அது ஒரு வாசம் இல்லை. மேல் மாடியில் கொழுந்து வாடுகிறபோது பச்சை வாசம், ரோலரில் நசுங்குகிறபோது பச்சை முற்றிக் கசப்பேறும், பிறகு பரப்பி வைத்துச் சிவக்கிறபோது பழுத்த பழம் மாதிரி, கடைசியில் அடுப்பில் வேகிறபோதுதான் ரோட்டுக்கு வருகிற அந்த வறுத்த இனிப்பு. எங்கள் ஸ்டோரில் இருந்த அடுப்பு சிரோக்கோ, பெல்ஃபாஸ்டில் செய்தது. அதைக் கண்டுபிடித்த டேவிட்சன் இந்தியாவில் தேயிலைத் தோட்டம் பார்த்தவர், பாலைவனத்தின் வெக்கைக் காற்றின் பெயரை அடுப்புக்கு வைத்தாராம். எங்கள் குளிருக்கு அந்தப் பெயரே பாதி கணகணப்பு. இந்த நாலுக்கும் அடியில்தான் அப்பாவின் வாசனைகள். கிரீஸ், டீசல், மேலே ஓடுகிற நீண்ட சாஃப்டிலிருந்து ரோலருக்கு இறங்குகிற தோல் பெல்ட். பெல்ட் வழுக்கினால் ஒரு கருகல், பெயரிங் சூடானால் இன்னொரு கருகல், இரண்டுக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். எங்கள் லயம் ஸ்டோருக்குக் கீழே. இரவு சோற்றில் கை வைத்தவர் அப்படியே நிறுத்தி, மூக்கைத் தூக்கி, "ரெண்டாம் ரோலர் பெல்ட்டு வழுக்குது, சொன்னா கேக்குறானுங்களா" என்று கையைக் கழுவிவிட்டு ஏறிப் போனதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். மற்றவர்களுக்கு வாசனை, அவருக்கு முறைப்பாட்டுப் புத்தகம். நானா சொன்னதும் அதேதான், எங்கேயோ ஒழுகினால்தான் மெஷின் மணக்கும். ஒழுங்காக ஓடுகிற மெஷினிடம் மோந்து பார்க்க எதுவும் இல்லை. இதை எழுதுகிற எனக்கு மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் வாசம் வந்தால்கூட உடனே விளங்காது, தங்கச்சிதான் சொல்வாள், அந்த மூக்கு அவளுக்குப் போய்விட்டது.

அன்றைக்கு நானாவின் மேசையில் எங்கள் பழைய ஸ்பிரிங் கிடந்தது. அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு, மோந்து பார்த்து, "இரும்பு வாசமாவது இருக்கே" என்றேன். சொல்லும்போதே எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. இரும்புக்குச் சொந்தமாக வாசமே கிடையாது. 2006இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள், நம் தோலில் இருக்கிற கொழுப்பும் வியர்வையும் இரும்போடு சேர்ந்து உண்டாக்குகிற ஆவிதான் அது, காளான் வாசத்துக்குச் சொந்தக்காரனான ஒரு ஆவி. அப்படியானால் சின்ன வயதில் துப்பாக்கியின் இரும்பு வாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் அப்பாவின் கை. இதை நானாவிடம் கொஞ்சம் பெரிய விஷயமாகவே சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்ப இப்ப வாறது ஒங்கட கை. கழுவிட்டு வாங்க, தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

தேத்தண்ணிக்குப் பிறகுதான் வழக்கு தீர்ந்தது. எங்கள் பழைய வாஷரை அவர் எறியவில்லை, ஜாம் போத்தல் ஒன்றில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருந்தார். யார் சாமானிலிருந்து எது கழன்றாலும் அப்படித்தானாம், ஒரு தட்டு நிறைய ஜாம் போத்தல்கள். அதற்காகவே ஒரு நட்சத்திரம் கூட்டிப் போடலாம். ஆனால் அது வெடித்துப்போய் இருந்தது, திரும்பப் போட முடியாது. "தோல்லயே வேணும்னா வெட்டித் தாரன், ஆனா இந்தளவு நேரா அடிக்காது, பொறகு என்னக் கொற சொல்லக்கூடாது" என்றார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு சுருளை இழுத்தார். அகலமான தோல் பட்டை, கறுத்து, ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக. நான் தொட்டதும் கண்டுபிடித்துவிட்டேன், ஸ்டோர் பெல்ட். மூடிப்போன ஸ்டோர்களில் பழைய இரும்போடு ஏலத்தில் வருகிறதாம், வாஷருக்கு அதைவிட நல்ல தோல் கிடையாது என்கிறார். அதில் வட்டமாக வெட்டி, நனைத்து, லேத்தில் கடைந்த ஒரு கிண்ணத்துக்குள் அமுக்கி வைத்தால் குட்டித் தொப்பி மாதிரி ஆகிவிடுகிறது.

"வாப்பா எந்த எண்ணெய் பூசினார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். "என்ன எண்ணெய்? ஒங்களுக்குப் பேதிக்குக் குடுக்குற போத்தல்தான். மாசா மாசம் கொறையும், நான் எலி குடிக்குதுன்னு நெனச்சேன்" என்றார் அம்மா. விளக்கெண்ணெய். அந்த இனிப்பு அதுதான். மாதத்தில் ஒரு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க அழுத எண்ணெயை, ஞாயிற்றுக்கிழமைகளில் முறை வைத்துச் சண்டை போட்டு மோந்திருக்கிறோம். நானாவுக்கு ஆச்சரியமே இல்லை, தோலுக்கு விளக்கெண்ணெய் நல்லது, காயாமல் வைத்திருக்கும், ஊறினது போதும் என்று துடைத்துவிட்டுப் போட வேண்டும், சொட்டக்கூடாது, அவ்வளவுதான் என்றார்.

இரண்டு நாள் ஊற வைத்து, மேலும் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு (டெஃப்லான் வாஷரையும் ஒரு போத்தலில் போட்டுக் கையில் கொடுத்தார், மனம் மாறினால் போட்டுக்கொள்ளலாமாம்) இந்த முறை சொன்ன நாளிலேயே தந்தார். முதல் நாற்பது குண்டு கொஞ்சம் அங்கேயும் இங்கேயும் போகும், கூடுதல் எண்ணெய் எரிந்து முடிந்ததும் சரியாகும் என்றார், அப்படியே ஆனது. இப்போது ஐந்து குண்டும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாய்க்குள் விழுகிறது. பத்து ரூபாய்க் குற்றி போய்க் கோப்பை வந்திருக்கிறது, எனக்குப் பரவாயில்லை, பால் டின் அதைவிடப் பெரியது.

குழலை மடித்தால் அந்த நூல் புகை எழும்புகிறது. வாசம் அதேதானா என்றால், நூற்றுக்கு எண்பது. மிச்சம் இருபது சாக்கில் இருந்திருக்க வேண்டும். பழைய சணல் சாக்கை எலி கடித்து எறிந்துவிட்டோம், இப்போது இருப்பது உர பேக், அதற்கு உரத்தின் வாசம்தான். அம்மா வாசலுக்கு வந்து நின்று, "அந்த நாத்தத்தத் திரும்ப வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டியா? உடுப்பு அலுமாரிப் பக்கம் வைக்காத" என்று சொல்லிவிட்டு, உடனே போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பால் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி கொழும்பிலிருந்து தைப்பொங்கலுக்கு வந்தால் இரண்டு முறை எடுப்பாள், விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். சாமானைக் கொடுக்கும்போதே என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவர் தனக்குச் சரி என்று பட்டதைச் செய்வார், அது பெரும்பாலும் உங்களுக்கும் சரியாகத்தான் இருக்கும், ஆனால் எனக்கு நடந்தது நடக்கலாம். பலகையில் லின்சீட் ஒயில் நீங்களே பூசுவதாக இருந்தால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் கொடியில் காயப் போடுங்கள் அல்லது தண்ணீரில் அமுக்குங்கள். பெட்ரோமாக்ஸ் என்றால் மாசிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். ஒரு கிழமை என்றால் மனதுக்குள் ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். வேலைக்கு ஐந்தில் ஐந்து, நேரத்துக்கு ஐந்தில் ஒன்று, அந்த ஒன்றும் இரண்டாம் தடவைக்காக.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு வரை பூட்டியிருக்கும், தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார். தெரியாமல் வந்துவிட்டால் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற சாப்பாட்டுக் கடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு உட்காருங்கள், பலகைக் கதவு திறந்ததும் லாம்பெண்ணெய் வாசம் அங்கே வரைக்கும் இறங்கி வரும், யாரும் வந்து சொல்லத் தேவையில்லை.